சக்களத்தி பார்க்கும் முகம்

கென்யாவின் கிசுமு நகரப் பிணவறையிலிருந்து வந்த பெட்டி கொட்டகை நடுவில் இருக்கிறது. மூடியில் பதித்த கண்ணாடியின் மேல் மதிய வெயில் விழ, உள்ளே பெலெசியாவின் முகம் பவுடர் பூசி வெளிறிக் கிடக்கிறது. வீட்டு வாசலுக்கு இடப்புறம் குழி தயார். வெட்டியவர்கள் மண்வெட்டியில் சாய்ந்து நிற்கிறார்கள். செத்தவளின் சக்களத்தி அகுமு மட்டும் பெட்டியை விட்டு நகர மறுக்கிறாள். கண்ணாடியில் படர்ந்த தன் மூச்சைப் புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி குனிகிறாள். “இது அவ இல்லடா.” ஒப்பாரி சட்டென நிற்கிறது. பெலெசியாவின் மூத்த மகன் ஒடெரா மைக்கைக் கையால் பொத்துகிறான். “சின்னம்மா, ஊரே பாக்குது. போதகர் வேற காத்திருக்கார்.” “இருக்கட்டும். உங்கம்மா வாய் இவ்வளவு அடக்கமா மூடி நான் பாத்ததே இல்ல. எவளையோ தூக்கிட்டு வந்துட்டீங்க. யாரோ ஒருத்தி நம்ம மண்ணுல படுத்துக்கிட்டு, பேயா வந்து நம்ம பிள்ளைங்கள ஆட்டிவைக்கணுமா? தொறடா பெட்டிய.”

கூட்டத்தில் யாரோ சிரிப்பை விழுங்குகிறார்கள். மற்றவர்கள் ஒடெராவையே பார்க்கிறார்கள். பிணவறையில் அவனும் அந்த முகத்தை நேராகப் பார்க்கவில்லை. இப்போது அவன் கண்ணிலும் ஐயம் ஏறிவிட்டது. திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. அகுமு இறந்தவளின் தலைத்துணியை ஒதுக்கி, கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, இடது காது மடலின் பவுடரைத் தேய்க்கிறாள். தேய்க்கத் தேய்க்கப் பல் பதிந்த பழைய தழும்பு ஒன்று தெரிகிறது. “அவளேதான். நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷம், சண்டையில நானே கடிச்சது.” சொன்னவள் அந்தக் காதை விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே, இதுவரை அழாதவள், வாய்விட்டு அழுகிறாள்.