காப்பாத்துன கை

புருஷன் பொணத்துக்குத் தலைமாட்டுல கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா வேலம்மா. முக்காட்டைக் கன்னம் மறையிற மாதிரி இழுத்து விட்டிருந்தா. ஒரு விம்மல் இல்ல, ஒரு செருமல் இல்ல.

இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசை வீடுங்க அத்தனையிலயும், இப்படி ஒரு சாவு வீட்டை யாரும் பார்த்ததில்ல.

செத்தது யாரு? பழனிமுத்து. நேத்து கொழுந்து மலையில குளவிக் கூடு கலைஞ்சப்போ, ஓட வழி தெரியாம நின்ன ரெண்டு பொம்பளைங்க மேல, மழைக்குப் போட்டிருந்த தன் கம்பளியை வீசி மூடிட்டு, குளவி கொட்டுனது அத்தனையும் தானே வாங்கிக்கிட்ட மனுஷன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே உசுரு போயிருச்சு. பொழைச்ச ரெண்டு பேரும் அவன் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுறாங்க. கட்டினவ மட்டும் கல்லு மாதிரி இருக்கா.

பழனிமுத்துவோட அக்கா ராக்கம்மா மாரடிச்சுக்கிட்டு ஒப்பாரி வெச்சா. அவ ஒப்பாரின்னா பக்கத்துத் தோட்டத்துல இருந்தும் வந்து கேப்பாங்க. பாட்டுல ஒவ்வொரு அடியும் தம்பியோட கையிலதான் வந்து முடிஞ்சுச்சு.

“கம்பளி விரிச்ச கை... என் தம்பி காப்பாத்துன கை...”

வர்ற பொம்பளைங்க எல்லாம் வேலம்மாவைக் கட்டிப்பிடிச்சு அழப் பார்த்தாங்க. எங்க ஆளுங்க வழக்கம் அதுதான். தலையோட தலை முட்டி, கன்னத்தோட கன்னம் வெச்சு அழணும். இவ ரெண்டு கையையும் முன்னால நீட்டி, ஒருத்தரையும் கிட்ட அண்ட விடல.

சங்கதி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வெயில்லயும் காத்துலயும் தூசியிலயும் காலம் பூரா கொழுந்து பறிச்சதுல, அவ வலது கண்ணுல சதை வளர்ந்து போச்சு. மூக்குப் பக்கத்து வெள்ளையில சின்னதா ஆரம்பிச்சது, மெதுமெதுவா கறுப்பு முழி மேலயே ஏறிருச்சு. பார்வை மங்கின பொறகுதான், கொழும்புல வேலை பார்க்கிற மக தினுஷா லீவு போட்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா.

சதையை எடுத்துட்டு, அதே கண்ணோட மேல் வெள்ளையில இருந்து மெல்லிசா தோல் எடுத்து, அந்த எடத்துல வெச்சுத் தைச்சாங்களாம். வெறுமனே விட்டா மறுபடி வளர்ந்துருமாம். கசக்கக் கூடாது, அடி படக் கூடாது, கண்ணாடி இல்லாம வெளிய போகக் கூடாது, அடுப்புப் புகை கொஞ்ச நாளைக்கு ஆகவே ஆகாதுன்னு நர்ஸ் சொல்லி அனுப்பினாங்க. மகதான் கண்ணாடி வாங்கிப் போட்டு விட்டா. “அப்பா, அம்மாவைப் பாத்துக்கோங்க”ன்னு சொல்லிட்டு கொழும்புக்கு பஸ் ஏறினா. அது போன வாரம்.

எல்லாம் சரிதான். அதுக்காக? கட்டினவன் பொணமா கெடக்கையிலயும் கண்ணுதான் பெருசான்னு பொம்பளைங்க முணுமுணுத்தாங்க. புதுக் கண்ணுல புது மாப்பிள்ளை தேடுறாளோன்னு ஒருத்தி வாய் கூசாம சொன்னா. வேலம்மா காதுல விழத்தான் சொன்னா.

மக மாத்தளை டவுனைத் தாண்டிட்டா, இந்தா வந்துருவான்னு போன் வந்துச்சு. ராக்கம்மாவுக்கு அதுக்கு மேல பொறுக்கல. எந்திரிச்சு, வேலம்மா கையைப் பிடிச்சு தரதரன்னு அடுப்பு இருந்த குசினிக்கு இழுத்துட்டுப் போய் கதவைச் சாத்தினா.

“பெத்த மக வந்து பாத்தா என்னடி நெனைப்பா? என் தம்பிக்கு ஒரு சொட்டுக் கண்ணீருக்குக் கூடவா பஞ்சம்?”

கேட்டுக்கிட்டே கண்ணாடியைப் பிடுங்கினா.

வலது கண்ணு தொறக்க முடியாம வீங்கி, சுத்தி கருநீலமா கன்னிப் போயிருந்துச்சு. இமை இடுக்குல ரத்தம் காஞ்சு, அறுந்த தையல் நூல் ஒண்ணு அதுல ஒட்டியிருந்துச்சு. முக்காடு விலகின எடத்துல, கன்னத்துல விரல் தடம்.

ராக்கம்மா கதவுத் தாழ்ப்பாளையும் போட்டா.

“அடுப்பு மூட்டலன்னு, மதினி” சன்னமா சொன்னா வேலம்மா. “புகை ஆகாதுன்னுதான் சொன்னேன். மகாராணியாயிட்டியான்னு கேட்டு, அந்தக் கண்ணுலயே அடிச்சாரு. விடிஞ்சு மலைக்குப் போனவரு இப்படி வந்து கெடக்காரு.”

உடனே ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகலன்னு ராக்கம்மா கேட்டா. போனா யாரு அடிச்சதுன்னு கேப்பாங்களாம். அன்னிக்கு அவருக்குப் பயந்து போகல. இப்ப, ஊரே கும்பிடுற மனுஷனைப் போலீசுல இழுக்க மனசு வரல. மண்ணுக்குள்ள வெச்ச பொறகு போறேன்னா.

“பார்வை?”

“ஒண்ணும் தெரியல, மதினி. அழுதா ரத்தமா வடியுது. தொடைச்சா எல்லாரும் பாத்துருவாங்க. அதான் அழல.”

வாசல்ல தினுஷா “அப்பா, அப்பா”ன்னு கதறிக்கிட்டு ஓடி வர்ற சத்தம் கேட்டுச்சு.

“கண்ணாடியைக் குடுங்க, மதினி. அவளுக்கு அவ அப்பா நல்லவராவே இருக்கட்டும்.”

ராக்கம்மா அவளே கண்ணாடியை மாட்டி விட்டு, முக்காட்டையும் இழுத்து விட்டா. கையைப் பிடிச்சு மெதுவா வெளிய கூட்டிட்டு வந்து உக்கார வெச்சா.

“டாக்டர் அழக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அவ கிட்ட யாரும் போகாதீங்க” அப்படின்னு பொதுவா சொன்னா.

பொணம் எடுக்க நேரமாச்சு. ஒப்பாரியை முடிச்சு வைன்னு பொம்பளைங்க கேட்டாங்க. தினுஷா, வீங்கிக் கெடந்த அப்பாவோட கையை எடுத்துத் தன் கன்னத்துல வெச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தா.

“கம்பளி விரிச்ச கை...”ன்னு ராக்கம்மா எடுத்தா.

அடுத்த அடி அவளுக்கு வாயில வரவே இல்ல.