நாற்பத்தொன்றாம் எண்

"எவனோ ஒருத்தன் நம்ம தலையில மிளகாய் அரைச்சுக்கிட்டிருக்கான். அரைச்சுட்டு இதே மேசையில உட்கார்ந்து சாப்பிடவும் செய்யறான்."

வெர்லா சொன்னதை யாரும் மறுக்கவில்லை. ஹாம் சாண்ட்விச்சை மென்றுகொண்டிருந்த டெல்பர்ட், அவன் கையில் கிடைத்தால் தானும் இரண்டு போடுவதாகச் சொன்னான்.

அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்ன் நகரத்துக் கிடங்கில் அறுபது பேர். அத்தனை பேர் மணிக்கட்டிலும் கம்பெனி கொடுத்த பட்டை. மணி காட்டும், கதவு திறக்கும், எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்று காதில் சொல்லும், நடந்த அடிகளை எண்ணும், நாடியையும் பிடித்துப் பார்க்கும். கட்டிக்கொண்ட மனைவிகூடத் தன்னை இவ்வளவு வேவு பார்த்ததில்லை என்பான் டெல்பர்ட்.

அடிக்கணக்கு மட்டும் கையில் தெரியாது. சுவர்ப் பலகையில் வரும், அதுவும் பெயரில்லாமல் எண்ணாக. எந்த எண் யாருடையது என்பது தலைமை அலுவலகத்துக்கே வெளிச்சம்.

முதலில் நிற்பவரை வைத்துத்தான் மற்றவர்களுக்கு இலக்கு. ஏப்ரலிலிருந்து நாற்பத்தொன்றாம் எண் பேய் மாதிரி நடந்தது. அதனால் நாளுக்கு எட்டாயிரம் அடியாக இருந்த இலக்கு பதினோராயிரம் ஆனது. மூன்று வாரம் குறைந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வெர்லாவுக்குப் பிப்ரவரியில்தான் முழங்காலில் அறுவை நடந்தது. வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போகும், இன்னொரு முழங்கால் அப்படியே கிடக்கும். காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பாள். பன்னிரண்டு மணிக்குமேல், பெட்டிகள் நகரும் உருளை மேடையில் சீட்டு ஒட்டும் வேலை. உருளையில் சிக்கும் என்பதால் அங்கே மோதிரம், பட்டை எதுவும் கூடாது. கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவாள். மூன்று மணிக்குப் பக்கத்துக் கதவு வழியாக அப்படியே வீட்டுக்கு.

இதுவரை அவளை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. ஒற்றைக் காலோடு நானே சமாளிக்கிறேன், அந்தத் தடியனுக்கு என்ன கேடு என்று கொதித்தாள். நாற்பத்தொன்றாம் எண்ணில் ஏதோ மோசடி என்று திங்கட்கிழமை தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டாள்.

புகார் கொடுத்தவர் பெயரை மேலாளரைத் தாண்டி வெளியே விடமாட்டோம் என்று பதில் வந்தது. மனம் மாறினால் வெள்ளிக்கிழமைக்குள், எல்லார் முன்னாலும் பெயரைச் சொல்லித் திரும்பப் பெறலாமாம். நானாவது, மாறுவதாவது என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மேலாளர் ப்ரென்ட் அவளைத் தனியாக அழைத்தான். மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவன் கையில் ஒரு தாள்.

"நீ நினைச்ச மாதிரி ஒரு ஆள் இல்ல, வெர்லா. அந்த ஒரே பட்டையில நாலு பேரோட நாடி துடிச்சிருக்கு."

டெல்பர்ட், அதே மேசையில் சாப்பிடும் இட்ஸெல், தீஹா. மூன்று பேரையும் அன்றைக்கே அனுப்பிவிட்டார்களாம். ஒருவர் போட்டுக்கொண்டு நடந்தது மற்றவருக்குத் தெரியாதாம். விசாரணை அறையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முழித்தார்களாம்.

"நாலாவது ஆள்?"

"பட்டைக்குச் சொந்தக்காரர். அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மூணு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. யாருன்னு இதுல போடல."

நேர்மையான ஊழியர் என்று மேலிடம் அவளைப் பாராட்டியிருப்பதாகவும் சொன்னான்.

டெல்பர்ட் பெயரைக் கேட்டதும் அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. பதினேழு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன். கார் நிறுத்துமிடத்துக்கு நொண்டிக்கொண்டே ஓடினாள். அவன் ஒரு அட்டைப் பெட்டியில் காபிக் கோப்பையும் குளிர்க்கோட்டுமாக நின்றிருந்தான்.

"மேசையில என்னமா நடிச்ச நீ. யாரைத் தூக்கி விடறதுக்கு எங்க காலை ஒடிச்சீங்க?"

டெல்பர்ட் பெட்டியைக் காரின் மேல் வைத்தான்.

"கத்தாத. ஏப்ரல்ல ஒருநாள், மூணு மணிக்கு, கொக்கியில உன் பட்டை சிவப்பா எரிஞ்சுது. அன்னிக்குக் கணக்கு குறைஞ்சா, வேலை முடியற நேரத்துல அப்படித்தான் எரியும். நீ பக்கத்துக் கதவு வழியா போயிடுவ, பார்த்திருக்க மாட்ட. முழங்காலை அறுத்துக்கிட்டு வந்தவளாச்சேன்னு மறுநாள் நீ மேடைக்குப் போனதும் நான் மாட்டிக்கிட்டு ஒரு சுத்து நடந்தேன். தினமும் நடந்தேன்."

வெர்லா மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள்.

"ஒரு மணிக்கு இட்ஸெல் எடுத்திருக்கா. ரெண்டு மணிக்கு தீஹா. யாரும் யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா ஒருத்தர் நடந்தாப் போதும்னு விட்டிருப்போம். நாற்பத்தொண்ணை நானும்தானே திட்டினேன். அது உன் எண்ணுன்னு அந்த ரூம்லதான் எங்களுக்கே தெரிஞ்சுது."

அவள் காரின் மேலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. ஆனா நாளையிலேர்ந்து உனக்காக நடக்க ஆளில்ல. டாக்டர் சீட்டை எடுத்துக்கிட்டு ப்ரென்ட்கிட்ட போய்ப் பேசு. உன் வழக்கப்படி சண்டைக்கு நிக்காம பேசு."

பெட்டியைப் பின் இருக்கையில் வைத்துக் கதவைச் சாத்தினான். பிறகு ஏதோ நினைத்தவன்போல் திரும்பினான்.

"யாரோ எழுதிப் போட்டிருக்காங்க, வெர்லா. அவங்களே வந்து வேண்டாம்னு சொன்னா, எங்க மூணு பேரையும் திரும்பக் கூப்பிடுவாங்களாம். நாளைக்கு ஒருநாள்தான் இருக்கு. உனக்குத்தான் யார்கிட்டயும் பயமில்லையே. அந்த ஆள் யாருன்னு கண்டுபிடிச்சு, சட்டையைப் பிடிச்சுச் சொல்லு, இப்பவாவது போய்ச் சரிபண்ணுன்னு."