அன்ரி தராத ரசீது

"ஒரு கையெழுத்துத்தானே அன்ரி. ஏன் பின்வாங்கிறியள்?"

புலம்பெயர்ந்து வந்த ஹென்டர்சனில், சரோஜாதேவி வீட்டு வாசலில் வரதராஜன் படிவத்தோடு நின்றான். பக்கத்தில் மனைவி நிருஜா. இருவரும் வேலைக்குப் போனால், மகன் தனோஜனைப் பார்ப்பது இந்த அன்ரிதான்.

பிள்ளை பார்க்கக் கொடுத்த காசில் ஒரு பங்கை வரிக் கந்தோர் திருப்பித் தரும். முந்நூறு டொலருக்கு மேல் வரும். பார்த்தவரின் ரசீது வேண்டும், அவ்வளவுதான்.

அன்ரியோ மூன்று வாரமாகச் சாக்குச் சொன்னார். முதலில் கண்ணாடியைக் காணோம், பிறகு கை நோவு.

வரதராஜனுக்கு விஷயம் விளங்கிவிட்டதாம். நிருஜா கையால் வாரம் அறுபது டொலர் வாங்கி, வரி கட்டாமல் அமுக்குகிறார். கோயிலிலும் நாலு பேருக்குச் சொல்லிவிட்டான். பேச்சில் மட்டும் அவன் சிக்கனம் பார்ப்பதில்லை.

போன வருஷம் அவனுடைய அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பு லொட்ஜுக்கு வந்தபோது, காசு அனுப்புவோம் என்றாள் நிருஜா. "கனடாவிலை அண்ணன் இருக்கிறார், அவர் பாக்கட்டும். எனக்கு வீட்டு மோர்ட்கேஜ் கடன் இருக்கு" என்று வாயை அடைத்துவிட்டான். அம்மா போனில் "நீ நல்லா இருக்கவேணும் ராசா" என்று அழத் தொடங்கினால், காசு கேட்கப்போகிறார் என்று வைத்துவிடுவான்.

"மடியிலை கனமில்லாட்டி வழியிலை என்ன பயம் அன்ரி? களவெண்டால் களவெண்டு சொல்லுங்கோ."

அன்ரியின் முகம் சுருங்கியது. அவர் நிருஜாவைப் பார்த்தார்.

நிருஜா கூனிக் குறுகிப்போனாள். தன்னால்தானே அன்ரிக்கு இந்தப் பேச்சு.

"குடுங்கோ அன்ரி."

"வேண்டாம் பிள்ளை."

"இனியும் நீங்கள் பேச்சு வாங்கக்கூடாது. குடுங்கோ."

அன்ரி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார்.

"நான் ஒரு சதமும் வாங்கேல்லைத் தம்பி. வாங்காத காசுக்கு என்னெண்டு கையெழுத்து வைக்கிறது?"

டின்னுக்குள் பன்னிரண்டு துண்டுகள். அன்ரிக்கென்று எடுத்த காசை மாதாமாதம் கொழும்புக்கு அனுப்பிய ரசீதுகள். வீட்டில் வைத்தால் பிடிபடுமென்று நிருஜா இங்கே ஒளித்திருக்கிறாள்.

பெறுபவர் இடத்தில் அவனுடைய அம்மாவின் பெயர். வெட்கத்தில் இருவர் முகத்தையும் பார்க்க முடியாமல் துண்டுகளையே புரட்டினான்.

அனுப்பியவர் இடத்தில், பன்னிரண்டிலும், அவன் பெயரைத்தான் எழுதியிருந்தாள்.