லேபிள் இல்லாத பால் டின்

வெள்ளம் வடிந்த வீட்டில் மிஞ்சியவை நான்கு பால் டின்கள். அவற்றின் லேபிள்களை மரிக்கினா ஆறு உரித்துக்கொண்டு போயிருந்தது. ரோவேனா வானொலிச் சமையல் நிகழ்ச்சிக்குத் தொலைபேசினாள். அதை நடத்தும் லுஸ்விமிண்டாவின் குரலை நம்பியே அவள் ஒன்பது ஆண்டுகளாகச் சமைத்துவந்தாள்.

“அக்கா, நாளைக்குப் பாப்பாவுக்கு ஞானஸ்நானம். லெச்சே ஃபிளான் புட்டிங் செய்யலேன்னா மாமியார் என்னையே தின்னுடுவாங்க! இதுல எது இனிப்புக் கெட்டிப்பால், எது இனிப்பில்லாத பால்னு தெரியல. கரன்ட்டும் இல்ல, தப்பான டின்னைத் திறந்தா வீணாப்போயிடும்.”

“ஒவ்வொண்ணா போன் பக்கத்துல வெச்சுக் குலுக்கும்மா.”

குலுக்கினாள்.

“தளும்புதே, இது இனிப்பில்லாதது. அடுத்தது? சத்தமே காணோம், அதான் கெட்டிப்பால். உங்க மாமியார் வாயை அடைக்க இந்த ரெண்டும் போதும்!”

“பார்க்காமலே சொல்லிட்டீங்களேக்கா!”

“நான் எந்த டின்னைப் பார்த்திருக்கேன்? எனக்குப் பிறவியிலேயே கண்ணு தெரியாதும்மா.”

ரோவேனா பழைய நிகழ்ச்சிகளை நினைத்துப்பார்த்தாள். சர்க்கரைப் பாகை இறக்கும் பக்குவத்துக்கு, “வாசனை மாறட்டும்” என்றே அந்தக் குரல் சொல்லிவந்திருக்கிறது. ஒருநாளும் நிறத்தைப் பார்க்கச் சொன்னதில்லை. அந்தப் பாகு ஒருமுறைகூடக் கருகியதுமில்லை.