எடுத்து வைத்த கத்திரிக்காய்

மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. புதிதாகத் திறந்த சிங்காநல்லூர் உழவர் சந்தையில், சுண்ணாம்பு வாடை போகாத மேடையொன்றில், சூலூர்ப் பக்கத்திலிருந்து வந்த மயிலாத்தாள் முதன்முறையாகக் கடை விரித்திருக்கிறாள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் கத்திரிக்காய்கள் ஈரமாய் மினுங்குகின்றன. கழுத்தில் தொங்கும் போட்டோ ஒட்டிய அட்டையை முந்தானை அடிக்கடி மூடிக்கொள்கிறது. பக்கத்துக் கடைக்காரர் தக்காளி விலையைக் கூவுகிறார். இவளுக்குக் கூவ வாய் வரவில்லை. யார் வந்தாலும் சொந்த வீட்டு வாசலில் நிற்பவள்போல மெதுவாக, "வாங்க" என்கிறாள். மேடையின் ஓரத்தில், சொத்தையோ கீறலோ இல்லாத காய்கள் மட்டும் ஒரு சிறு குவியலாகத் தனியே இருக்கின்றன. சாக்கை அவிழ்த்ததும் அவள் கை தானாகச் செய்த முதல் வேலை அது. ஒயர்கூடையோடு வந்த அம்மாள் நேராக அதைத்தான் காட்டுகிறாள்.

"ஏனுங்க, இதுல ஒரு கிலோ போடுங்க."

"அது வேண்டாமுங்க, இதுல போடறேன். அது தரகருக்கு எடுத்து வெச்சதுங்க. மண்டியில அதக் குடுத்துப்போட்டாத்தானுங்க எடையே போடுவாங்க."

"இங்க ஏதுங்க தரகரு?"

மயிலாத்தாள் சந்தை வாசலைப் பார்க்கிறாள். பையும் கூடையுமாக ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அத்தனை பேரும் காய் வாங்க வருகிறவர்கள். கையிலிருக்கும் தராசைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் குவியலை இரண்டு கைகளாலும் அள்ளித் தட்டில் போடுகிறாள். பிறகு தக்காளிக்காரர் கூவுவதை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும்படி அவள் குரல் எழுகிறது.

"இருக்கறதுலயே நல்ல காயிங்க! வாங்க!"