மூன்றாம் கூண்டின் சாறு

மூன்றாம் கூண்டில் ஆறு எலிகளும் செத்துக் கிடந்தன.

சாகக் கூடாத எலிகள். ஈரலைக் கெடுக்கும் காய்ச்சல் மாத்திரையை அளவுக்கு மீறிக் கொடுப்பதற்கு முன்பே, பத்து நாள் பெர்ரிச் சாறு குடித்தவை. அந்தச் சாறு ஈரலைக் காக்கும் என்பதுதான் என் மூன்று வருட ஆராய்ச்சி.

ஃபிரிட்ஜைத் திறந்து ஐந்து லிட்டர் சாற்றுப் பாட்டிலை எடுத்தேன். முகர்ந்தேன். விரலில் தொட்டு நக்கியும் பார்த்துவிட்டேன். சர்க்கரைத் தண்ணீரில் கலர்ப்பொடி.

உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது.

இந்த அறைக்கு இன்னொரு சாவி, எலிகளுக்குத் தீனி வைக்கிற அண்ணனிடம்தான் உண்டு. கூப்பிட்டேன். பாட்டிலைப் பார்த்ததுமே தலை குனிந்துகொண்டார்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்னைவிட இருபது வயது மூத்தவர் என்றுகூடப் பார்க்கவில்லை. கூட இருந்தே குழி பறித்துவிட்டீர்களே என்றேன். நாளைக்குப் பேராசிரியர் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்றேன். மேசையை ஓங்கித் தட்டியதில் பக்கத்துக் கூண்டு எலிகள் மூலைக்கு ஓடின. அவர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அந்தப் பொறுமையே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வாயைத் திறந்து சொல்லுங்கண்ணா. யாருக்கு வித்தீங்க?"

"விக்கலம்மா. வீட்டுக்காரிக்கு டிபி மாத்திரை ஈரலைக் கெடுத்துருச்சு. கண்ணெல்லாம் மஞ்சள். இந்தச் சாறு ஈரலைக் காப்பாத்தும்னு நீங்கதானே எல்லாருக்கும் படம் போட்டுக் காட்டுனீங்க. நானும் பின்னால நின்னு கேட்டேன். எலிக்கே ரெண்டு சொட்டுன்னா மனுஷிக்கு ஒரு டம்ளராவது வேணும்ல. வாந்தி நிக்கலைன்னு நேத்துலருந்து ரெண்டு டம்ளரா கொடுக்கிறேன்."

திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். ரெண்டு டம்ளர் என்பது மட்டுமே காதில் நின்றது.

அளவைக் கூட்டினால் இன்னும் நல்லது என்று முதல் வருடம் நானும்தான் நினைத்தேன். எட்டு எலிகளுக்குச் சாற்றை மட்டும் பத்து மடங்கு கொடுத்தேன். மாத்திரை ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. ஒரே வாரத்தில் ஈரல் வீங்கி எட்டும் செத்தன.

அதை எழுதிய பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்துப் போட்டவள் நான்.

அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.