பெடல் இல்லாத சைக்கிள்

“ஏனுங்க, பெடலைக் கழட்டிட்டா பாப்பா எப்படிங்க ஓட்டும்?” சைக்கிள் கடை அங்கப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ரெண்டு காலையும் தரையில ஊனித் தள்ளட்டுங்க. பக்கத்துல இருக்கற குட்டிச் சக்கரத்தையும் கழட்டிப்போடுங்க. அதை நம்புனா பேலன்ஸே வராது” என்றார் கிருபாசங்கர், கறாராக. சீட்டையும் நன்றாக இறக்கச் சொன்னார்.

ஆள் பெரிய சைக்கிள் வீரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அங்கப்பன் ஸ்பேனரை எடுத்தார்.

அவருடைய மூன்று வயது மகள் அக்ஷயா ஏறி உட்கார்ந்து உந்தினாள். முதலில் தள்ளாடியவள், திடீரென்று இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டு கடை வாசலில் ஜோராக வழுக்கிப் போனாள்.

“அட, அருமைங்க! நீங்களும் இப்படித்தான் பழகுனீங்களா?”

“எங்க ஊட்டுக்காரி மொபெட் பழகுனதே இப்படித்தானுங்க.”

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. மொபெட்டை ஓட்டி வந்த அவர் மனைவி லோகப்பிரியா, மகளைத் தூக்கி முன்னால் நிறுத்திக்கொண்டாள். கிருபாசங்கர் புது சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி பின் சீட்டில் ஏறப் போனார். என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து அங்கப்பன் காதோரம் குனிந்தார்.

“ஏனுங்கண்ணா, பெரிய சைக்கிள்லயும் இப்படிப் பெடலைக் கழட்டித் தருவீங்களா? பாப்பா எனக்கு முந்தி ஓட்டிப்போட்டான்னா மானமே போயிருமுங்க!”